விரிவாக்கம் மட்டும் பொருள் ஆகாது

ஆங்கிலத்தைப் பாடநூல்கள் வழியாகவும் நாளிதழ்கள் வழியாகவும் கற்ற ஒருவர், அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பும் இரண்டு வரிகளைப் படித்துவிட்டுத் திகைப்பது இப்போது மிகவும் இயல்பாகிவிட்டது. 'என்ஜிஎல்', 'டிபிஎச்', 'ஐகேஆர்', 'எஸ்எம்எச்' என்று எழுத்துகள் அணிவகுத்து நிற்கும். இடையிடையே 'சஸ்', 'மிட்', 'ரிஸ்' என்று குறுஞ்சொற்கள் எட்டிப் பார்க்கும். தேடுபொறியில் தட்டினால் ஒவ்வொன்றுக்கும் விரிவாக்கம் நொடியில் கிடைத்துவிடுகிறது. 'எஸ்எம்எச்' என்றால் 'ஷேக்கிங் மை ஹெட்', அதாவது தலையை ஆட்டிக்கொள்கிறேன் என்று அறிந்துகொள்கிறோம். ஆனால் எழுதியவர் சலித்துக்கொள்கிறாரா, கடிந்துகொள்கிறாரா, செல்லமாக அங்கலாய்க்கிறாரா என்பது அந்த விரிவாக்கத்தில் இல்லை. இத்தகைய சொற்களைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கவனித்துவரும் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது: இவற்றின் பொருளில் சிறு பங்குதான் விரிவாக்கத்தில் இருக்கிறது, பெரும்பங்கு, அவை வாக்கியத்தின் எந்த இடத்தில், யாரால், யாரிடம் சொல்லப்படுகின்றன என்பதில் இருக்கிறது.

'எல்ஓஎல்' என்பதையே எடுத்துக்கொள்வோம். 'லாஃபிங் அவுட் லவுட்', வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்பது அதன் விரிவு. கணினிவழி உரையாடல்களில் 1980களின் இறுதியில் அது தலைகாட்டியபோது உண்மையிலேயே சிரிப்பைத்தான் குறித்தது. இன்றோ, வண்டியைத் தவறவிட்டுவிட்டேன் என்று எழுதி அதன் பின்னால் ஓர் எல்ஓஎல், இன்னும் தூக்கம் வரவில்லை என்று எழுதி அதன் பின்னாலும் ஓர் எல்ஓஎல் போடுகிறார்கள். எழுதுபவரும் சிரிக்கவில்லை, படிப்பவரும் சிரிக்கப்போவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழக மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர், எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே உள்ள ஒத்துணர்வைக் காட்டும் குறியாக அச்சொல் மாறிவிட்டது என்று விளக்கியிருக்கிறார். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். 'வந்தான்', 'வந்தானே', 'வந்தானோ' ஆகிய மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஏகாரமும் ஓகாரமும்தான் தருகின்றன. அவற்றைத் தனியே பிரித்தெடுத்து இதன் பொருள் என்ன என்று கேட்டால் விடை சொல்வது கடினம். எல்ஓஎல் இன்று ஆங்கிலத்தின் ஓர் இடைச்சொல்லாகியிருக்கிறது.

'டிபிஎச்' என்பதும் அப்படித்தான். 'நேர்மையாகச் சொல்வதானால்' என்பது அதன் விரிவு என்றாலும், அச்சொல் இல்லாத வாக்கியங்கள் நேர்மையற்றவை என்று எவரும் கொள்வதில்லை. சற்றுக் கசப்பான ஒரு கருத்தைச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற முன்னறிவிப்பாக அது நிற்கிறது. 'என் கருத்தில்' என விரியும் 'ஐஎம்ஓ', நீங்கள் மறுத்துப் பேசலாம் என்று எதிரிலிருப்பவருக்கு இடம் விடுகிறது. விரிவாக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர், இந்தப் பணிவைக் காணாமலே கடந்துவிடுவார்.

இவையெல்லாம் கைப்பேசி கொண்டுவந்த சீரழிவு என்று வருந்துபவர்களிடம் நான் வரலாற்றைத்தான் எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710ஆம் ஆண்டிலேயே, சொற்களை நடுவில் வெட்டி எறியும் பழக்கத்தைக் கண்டித்து எழுதினார். அவர் வெறுத்த சொற்களில் ஒன்று 'மாப்'. நிலையற்ற மக்கள்திரளைக் குறித்த 'மொபிலெ வுல்கஸ்' என்ற லத்தீன் தொடரின் தலையை மட்டும் வைத்துக்கொண்ட வடிவம் அது. அதை ஒழிக்கத் தம்மால் இயன்றவரை முயன்றதாகவும், எண்ணிக்கையில் மிக்கவர்கள் தம்மை வென்றுவிட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். இன்று அச்சொல் எல்லா ஆங்கில அகராதிகளிலும் மதிப்போடு இருக்கிறது. அவர் அதனுடன் சேர்த்துக் கண்டித்த, 'பாசிட்டிவ்' என்பதன் வெட்டுவடிவமான 'பாஸ்' போன்ற வேறு சில அடையாளமின்றி மறைந்துவிட்டன. எது தங்கும், எது உதிரும் என்பதைத் தனிமனிதர் எவரும் தீர்மானிக்க முடிந்ததில்லை.

'ஓகே'யின் கதை இதைவிடச் சுவையானது. 1830களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் செய்தித்தாள்களில், தொடர்களை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடும் ஒரு விளையாட்டு பரவியிருந்தது. 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்பதை 'ஓல் கொரெக்ட்' என்று திரித்து, 'ஓ.கே.' என 1839ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' வெளியிட்டது. அதே விளையாட்டில் பிறந்த பிற சுருக்கங்கள் மறைந்துபோயின. இது மட்டும் தப்பியதற்குத் தேர்தல் ஒரு காரணம்: கிண்டர்ஹுக் என்ற ஊரைச் சேர்ந்த மார்ட்டின் வான் பியூரன் 1840இல் மீண்டும் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற அவருடைய பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓகேயாக அமைய, ஆதரவாளர்கள் அதையே முழக்கமாக்கினர். தேர்தலில் அவர் தோற்றார்; சொல் வென்றது. இந்த வரலாற்றை ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் 1960களில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித்தான் மீட்டெடுத்தார். அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடுகிறது. 'ஓஎம்ஜி'யும் இளைஞர்களின் கண்டுபிடிப்பு அன்று. பிரிட்டனின் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர், 1917இல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பயன்படுத்தி, விரிவையும் உடன் தந்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி எல்ஓஎல்லுடன் சேர்த்து அதை ஏற்றுக்கொண்டது 2011இல்.

நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்றும் மரூஉ என்றும் இரண்டு வகைகள் உண்டு. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்குவது முதலாவது. நெடுங்காலம் புழங்கித் தேய்ந்து, எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட வடிவம் இரண்டாவது. 'யாவர்' என்பது 'யார்' எனத் தேய்ந்ததை இன்று எவரும் சுருக்கமாக உணர்வதில்லை. ஆங்கிலச் சுருக்கங்களில் பலவற்றை, குழூஉக்குறியாகத் தொடங்கி மரூஉவாக முடிவது என்ற பயணத்தில் வெவ்வேறு இடங்களில் நிற்பவையாகக் காணலாம். 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லில் 'எல்லோருக்கும்' என்ற பொருள் முழுச்சொல்லுக்கு உரியது. 'பஸ்' வெறும் வேற்றுமை உருபின் வால். அந்த வால்தான் உலகமெங்கும் ஓடுகிறது. 'இன்ஃப்ளூயன்சா' இருபுறமும் வெட்டுப்பட்டு 'ஃப்ளூ' ஆனது; ஈர்ப்பாற்றலைக் குறிக்கும் 'கரிஸ்மா' என்பதன் நடுப்பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் 'ரிஸ்', 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் ஆண்டின் சொல்லாகத் தேர்வானது. வெட்டும் முறை ஒன்றுதான்; ஒன்று முதுமரூஉ, மற்றொன்று இளங்குழூஉக்குறி. 'ரேடார்', 'லேசர்' ஆகியவை முதலெழுத்துகளால் ஆனவை என்பதையே பலர் அறியாத அளவுக்கு அவை முழுச்சொற்களாகிவிட்டன.

சுருக்குவதற்கு முதலில் உண்மையான நெருக்கடி இருந்தது. தந்தியில் நேரமும் பணமும் மிச்சமாக வேண்டும் என்பதற்காக வால்டர் ஃபிலிப்ஸ் 1879இல் ஒரு சுருக்கத் தொகுப்பை உருவாக்கினார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும் 'ஸ்கோட்டஸ்' அதிலிருந்துதான் வந்தது. முதல் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று அனுப்பப்பட்டது. ஒரு செய்திக்கு 140 பைட்டுகள், அதாவது 160 எழுத்துகள் என்பது வரம்பு. பழைய பொத்தான் கைப்பேசியில் ஏழாம் எண்ணை நான்கு முறை அழுத்தினால்தான் 'எஸ்' என்ற ஓர் எழுத்து வரும். 'பிறகு பார்க்கலாம்' என்ற பொருளில் 'சீ யூ' என முழுமையாக எழுத, இடைவெளியையும் சேர்த்து 17 முறை அழுத்த வேண்டும். 'சி', 'யூ' என்ற இரண்டே எழுத்துகளுக்கு ஐந்து அழுத்தம் போதும். அன்றைக்கு அது விரல்களின் நியாயம்.

இன்று அந்த நெருக்கடிகள் எவையும் இல்லை. விசைப்பலகையே சொல்லை முடித்துத் தருகிறது. நீளத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. அப்படியும் சுருக்கங்கள் குறையாமல் பெருகுவதால், அவை வேறு ஒரு வேலையைச் செய்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும். நாம் இருவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், நம்மிடையே சம்பிரதாயம் தேவையில்லை என்று அறிவிப்பதே அந்த வேலை. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதைப் போன்ற ஒரு தளர்வு அதில் இருக்கிறது. இதன் மறுபக்கம், தளர்வை எதிர்பார்க்கும் இடத்தில் முறையாக எழுதினால் அது விலகலாகத் தோன்றும் என்பது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முற்றுப்புள்ளியோடு முடியும் ஒற்றைச்சொல் குறுஞ்செய்திப் பதில்கள், புள்ளியின்றி முடிபவற்றைவிட நேர்மை குறைந்தவையாகக் கருதப்பட்டன. கையால் எழுதிய குறிப்புகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. 'ஓகே' என்பதை ஒற்றைக் 'கே'யாகச் சுருக்கி, பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டால், கோபமாக இருக்கிறேன் என்று பலர் படிப்பார்கள். அதே எழுத்தை இரட்டித்து 'கேகே' என எழுதினால் முகம் மலர்ந்து தலையசைத்தது போலிருக்கும். ஓர் எழுத்துக்கும் ஒரு புள்ளிக்கும் இடையே இவ்வளவு நுட்பம் இருப்பதை நான் மொழியின் வறுமையாகக் கருதவில்லை. இத்தகைய சுருக்கங்களை மிகுதியாகப் பயன்படுத்தும் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் குன்றுவதாக அஞ்சியவர்களுக்கு, கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் நேர்மாறான தொடர்பையே காட்டின. ஒலியையும் எழுத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தானே அவற்றை வைத்து விளையாட முடியும்?

கொச்சைச் சொற்களில் கூடுதலான கவனம் வேண்டும் என்று கருதுகிறேன். இணையத்தில் இன்று இளைஞர் மொழி என்று வழங்கும் பலவும் கறுப்பின அமெரிக்கர்களின் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. 'கூல்' என்பதைப் புகழ்மொழியாகப் பரப்பியவர்கள் ஜாஸ் இசைக்கலைஞர்கள். அசத்துவதைக் குறிக்கும் 'ஸ்லே', நாசூக்காக இகழ்வதைக் குறிக்கும் 'ஷேட்' போன்றவை நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பால்புதுமையினர் நடத்திய பால்ரூம் எனப்படும் ஒப்பனை, நடனப் போட்டி விழாக்களின் வழியே பரவியவை. புறக்கணிக்கப்பட்ட மக்கள் தமக்குள் பேணிய குழூஉக்குறிகள், பிறந்த இடம் மறந்து விளம்பரங்களில் ஒலிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவற்றின் மூலத்தை நினைவில் வைப்பது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை. மேலும், இவை விரைவில் பழையனவாகிவிடும். அகராதியில் பார்த்துக் கற்றுக்கொண்டு நாம் வழங்கத் தொடங்கும்போது, உருவாக்கியவர்கள் வேறொன்றுக்குச் சென்றிருப்பார்கள். ஆகவே புரிந்துகொள்வதற்காகக் கற்போம். வழங்குவதில் அவசரம் வேண்டாம்.

விரிவாக்கங்களை நம்புவதிலும் எச்சரிக்கை தேவை. 'எஸ்ஓஎஸ்' எந்தத் தொடரின் சுருக்கமும் அன்று. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என மோர்ஸ் குறியீட்டில் தெளிவாகக் கேட்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1906இல் பெர்லினில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்டது. 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்பது பின்னால் ஒட்டிய விளக்கம். 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து என்பதும் அத்தகைய கட்டுக்கதையே.

ஒரே எழுத்துகள் இருவேறு கூட்டங்களில் இருவேறு பொருள் தருவதுதான் நடைமுறையில் பெரிய இடர். பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் கேமரன், எல்ஓஎல் என்றால் 'மிகுந்த அன்புடன்' என்று நினைத்துத் தம் குறுஞ்செய்திகளை அப்படி முடித்துவந்ததாக 2012இல், பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவெசன் விசாரணையில் ஒரு சாட்சியம் பதிவாகியது. அன்பாக முடிந்திருக்க வேண்டிய ஓர் இரங்கல் செய்தியில் இது நேர்ந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பணியிட மடல்களில் 'இடிஏ' என்பது வந்துசேரும் நேரம். இணைய விவாதங்களில் அதே எழுத்துகளுக்குத் திருத்திச் சேர்த்தது என்று பொருள். 'நாளின் முடிவுக்குள்' எனப் பொருள்படும் 'இஓடி'யைக் கண்டங்கள் கடந்து பணியாற்றுபவர்கள் எழுதும்போது, யாருடைய நாள், எந்த ஊர்க் கடிகாரம் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. அத்தகைய இடங்களில் நான் சுருக்கத்தை விட்டுவிட்டு, தேதியையும் மணியையும் நேர மண்டலத்தையும் முழுமையாகவே எழுதுகிறேன். பிறர் அனுப்பியதில் ஐயம் இருந்தால், எந்த நாள், எத்தனை மணி என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறேன்.