ஓய்வுக்காலக் கணக்கில் பிட்காயினுக்கு எவ்வளவு இடம்?

அமெரிக்காவில் சம்பளம் வாங்கும் நண்பர்கள் அண்மைக்காலமாக என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, ஐஆர்ஏ என்ற வரிச்சலுகையுள்ள தனிநபர் ஓய்வுக்காலக் கணக்கில் பிட்காயின் வாங்கலாமா என்பது. சட்டம் இடம் தருகிறதா என்று கேட்டால், தருகிறது. அதை ஒரே பத்தியில் சொல்லி முடித்துவிடலாம். அதைவிடக் கடினமான கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஆண்டுக்கு இவ்வளவுதான் போடலாம் என்று அரசே வரம்பு கட்டி வைத்திருக்கும் ஒரு கணக்கில், அந்தக் கொஞ்ச இடத்தை எந்த முதலீட்டுக்குக் கொடுப்பது என்பதே அந்தக் கேள்வி.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மெய்நிகர் நாணயங்களை வரிக் கணக்குக்கு நாணயமாக அல்ல, சொத்தாகவே கருத வேண்டும் என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் 2014 மார்ச் மாதத்தில் அறிவித்தது. ஐஆர்ஏ கணக்கில் வைக்கக்கூடாதவை என்று வரிச் சட்டம் பெயர் சொல்லி விலக்குபவை மிகச் சிலவே: ஆயுள் காப்பீடு, கலைப்பொருட்கள், பழம்பொருட்கள், மது வகைகள் போன்றவை. கிரிப்டோ எனப்படும் இந்த மெய்நிகர் நாணயங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால், ஏற்கெனவே கையில் இருக்கும் பிட்காயினை அப்படியே கணக்குக்குள் மாற்ற முடியாது. ஆண்டுப் பங்களிப்பைப் பணமாகத்தான் செலுத்த வேண்டும். அந்தப் பங்களிப்பின் வரம்பு 2025ஆம் ஆண்டுக்கு 7,000 டாலர். 50 வயதை எட்டியவர்களுக்கு 8,000 டாலர். 2026ஆம் ஆண்டுக்கு இவை முறையே 7,500 டாலராகவும் 8,600 டாலராகவும் உயர்ந்துள்ளன.

இதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்பது புரியாதது அல்ல. வரிச்சலுகை இல்லாத சாதாரணக் கணக்கில் பிட்காயினை விற்றால் மட்டுமல்ல, அதைக் கொடுத்து ஈதர் என்ற இன்னொரு நாணயத்தை வாங்கினாலும் வரிக்குரிய பரிமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்குச் சம்பளத்துக்கு உரிய விகிதத்திலேயே வரி. ஓராண்டைத் தாண்டினால் வருமானத்தைப் பொறுத்து 0, 15 அல்லது 20 சதவீதம். உயர் வருமானக்காரர்களுக்கு அதன் மேல் இன்னொரு 3.8 சதவீதம். ஐஆர்ஏ கணக்குக்குள் எத்தனை முறை வாங்கி விற்றாலும் அந்த ஆண்டின் வரிப் படிவத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் வகைக் கணக்காக இருந்து, ஐந்தாண்டு நிபந்தனையும் 59½ வயதும் நிறைவேறிய பிறகு எடுத்தால், லாபம் முழுவதற்கும் வரியே கிடையாது. பல மடங்கு பெருகக்கூடிய சொத்தை வரியே இல்லாத இடத்தில் வைப்பதைவிடச் சிறந்தது என்ன இருக்க முடியும் என்பதுதான் விற்பனையாளர்களின் வாதம். அந்த வாதத்தில் பிழை இல்லை. ஆனால் அது லாபம் வரும் என்ற பாதியை மட்டுமே பேசுகிறது.

மற்றப் பாதியை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் சுமார் 69,000 டாலருக்கு விலை போனது. ஓராண்டு கழித்து 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. அந்த உச்சத்தில் ஒருவர், அன்றைய ஆண்டு வரம்பான 6,000 டாலரை ராத் கணக்கில் போட்டு முழுவதற்கும் பிட்காயின் வாங்கியிருந்தால், அடுத்த நவம்பரில் அவரிடம் 1,400 டாலர்கூட இருந்திருக்காது. இதே முதலீட்டைச் சாதாரணக் கணக்கில் செய்தவர், விற்று அந்த 4,600 டாலர் நட்டத்தை மற்ற மூலதன ஆதாயங்களுக்கு எதிராகக் கழித்துக்கொண்டிருப்பார். ஆதாயம் இல்லையென்றால் ஆண்டுக்கு 3,000 டாலர் வரை சம்பளத்திலிருந்தே கழித்துக்கொண்டு, மீதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் சென்றிருப்பார். பங்குகளை நட்டத்துக்கு விற்று 30 நாட்களுக்குள் திரும்ப வாங்கினால் அந்த நட்டத்தைக் கழிக்க விடாத வாஷ் சேல் விதி, நேரடியாக வைத்திருக்கும் நாணயங்களுக்கு இன்றைய சட்டப்படி பொருந்துவதில்லை. ஆகவே அவர் விற்ற அன்றே திரும்ப வாங்கியிருக்கவும் முடியும். ராத் கணக்குக்காரருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் இழந்தது பணத்தை மட்டுமல்ல. 2021ஆம் ஆண்டுக்கான இடத்தையும் சேர்த்து இழந்தார். அந்த 4,600 டாலரை மீண்டும் போட்டு நிரப்புவதற்குச் சட்டத்தில் வழி இல்லை.

பிட்காயின் பிறகு மீண்டுவிட்டதே, 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே 2021ஆம் ஆண்டில் அதே நம்பிக்கையுடன் வாங்கப்பட்ட லூனா என்ற நாணயம், 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய், பிறகு எழவே இல்லை. எது மீளும், எது மீளாது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் வரிச் சலுகையைப் பற்றி யாரும் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காது.

இங்கே பரவலாகச் சொல்லப்படும் ஒரு கருத்தைச் சரிபார்க்க வேண்டும். பொதுவாகப் போடும்போது வரிக்கழிவு பெற்று, எடுக்கும்போது வரி கட்டும் பாரம்பரிய ஐஆர்ஏ கணக்கில் கிரிப்டோ வாங்கக்கூடாது, ஏனெனில் 15 சதவீத வரியோடு போயிருக்க வேண்டிய மூலதன ஆதாயம் அங்கே சாதாரண வருமானமாக மாறிவிடுகிறது என்பார்கள். பாதி உண்மைதான். 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 7,000 டாலரை வரிக்கழிவுடன் போடுகிறார் என்றால், அதில் 1,680 டாலர் அவர் அரசுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணம். அவருடைய சொந்தப் பணம் 5,320 டாலர்தான். முதலீடு பத்து மடங்காகி 70,000 டாலர் ஆனபின் அதே 24 சதவீதத்தைக் கட்டி எடுத்தால் கையில் மிஞ்சுவது 53,200 டாலர், அதாவது அவருடைய 5,320 டாலரின் சரியான பத்து மடங்கு. அவர் பங்கின் வளர்ச்சிக்கு வரியே விழவில்லை. அரசு தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டது. நட்டம் வந்தாலும் அப்படியே: அரசும் தன் பங்கில் இழக்கிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? ஒன்று, கணக்கு பெருத்துப்போய் எடுக்கும் காலத்தில் அவரை 32 சதவீத அடுக்குக்குத் தள்ளினால் அதே 70,000 டாலரில் 47,600 டாலர்தான் மிஞ்சும். 73 வயதிலிருந்து (1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 75 வயதிலிருந்து) கட்டாயமாக எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இதை இன்னும் மோசமாக்கும். மற்றொன்று, வருமானம் அதிகம் என்பதால் வரிக்கழிவே கிடைக்காமல் பாரம்பரியக் கணக்கில் போடுபவரின் நிலை. அவருக்குத்தான் மேற்சொன்ன குற்றச்சாட்டு முழுமையாகப் பொருந்தும். அந்தப் பணத்தை முதலீடு செய்யும் முன்பே ராத் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. ராத் கணக்கில் அரசுக்குப் பங்கு கிடையாது. லாபமும் உங்களுடையது, நட்டமும் முழுக்க உங்களுடையதே. அதோடு, அங்கே போடும் 7,000 டாலர் வரி கட்டி முடித்த பணம் என்பதால், வரம்பு ஒன்றாக இருந்தாலும் உண்மையான இடம் அதிகம்.

எந்த வழியாக வாங்குவது என்பதில் 2024க்கு முன்பும் பின்பும் நிலைமை வேறு வேறு. முன்பு, சுயநிர்வாக ஐஆர்ஏ என்ற பெயரில் சொத்தைப் பாதுகாத்து வைக்கும் தனி கஸ்டோடியன் நிறுவனங்களிடம் கணக்குத் தொடங்கி, திறப்புக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தரகு என்று பல முனைகளில் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இதில் ஆபத்தானது, ஐஆர்ஏ கணக்கின் பெயரில் ஓர் எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு) நிறுவனம் தொடங்கி, அதற்கு நீங்களே மேலாளராகி, நாணயங்களை, அவற்றின் ரகசியச் சாவிகளைச் சேமிக்கும் ஹார்டுவேர் வாலட் என்ற சிறு கருவியில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் திட்டம். 2021 நவம்பரில் அமெரிக்க வரி நீதிமன்றம் மெக்நல்டி வழக்கில் தீர்ப்பு வழங்கியது. இதே போன்ற எல்எல்சி வழியாக வாங்கிய தங்க நாணயங்களைக் கணக்கின் உரிமையாளரே தன் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டால், அவர் அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாகவே பொருள் என்றும் அதற்கு வரி கட்ட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. வழக்கு தங்கத்தைப் பற்றியதே. ஆனாலும், மேசை இழுப்பறையில் இருக்கும் சாவிச்சொற்களை அந்த நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்று ஊகிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. தடைசெய்யப்பட்ட பரிமாற்றம் என்று முடிவானால் விளைவு இன்னும் கடுமை: அந்த ஆண்டின் முதல் நாளிலிருந்தே அது ஐஆர்ஏ கணக்கு அல்ல என்றாகி, முழுத் தொகையும் வருமானத்தில் சேரும், 59½ வயதுக்குக் கீழே இருந்தால் 10 சதவீதத் தண்டவரியும் பொதுவாகச் சேரும்.

கஸ்டோடியனிடமே விட்டுவைத்தாலும் கவலை முற்றிலும் தீர்வதில்லை. 2022 பிப்ரவரியில் இத்தகைய ஒரு சேவையின் வாடிக்கையாளர்களுடைய ஓய்வுக்காலக் கணக்குகளிலிருந்து சுமார் 3.6 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடுபோனது. வங்கி வைப்புக்கான எஃப்டிஐசி காப்பு நாணயங்களுக்குக் கிடையாது. தரகு நிறுவனம் திவாலானால் பங்குகளைக் காக்கும் எஸ்ஐபிசி காப்பும் நேரடியாக வைத்திருக்கும் பிட்காயினுக்குக் கிடையாது.

2024 ஜனவரி 10 அன்று பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையமான எஸ்இசி, பிட்காயினை நேரடியாக வைத்திருந்து, சந்தையில் பங்குபோல் வணிகமாகும் நிதியங்களான இடிஎஃப்களுக்கு அனுமதி தந்த பிறகு இந்தச் சுற்றுவழி பெரும்பாலோருக்குத் தேவையற்றதாகிவிட்டது. ஈதருக்கான இடிஎஃப்கள் அதே ஆண்டு ஜூலையில் வணிகத்துக்கு வந்தன. சாதாரணத் தரகு நிறுவனத்தில் இருக்கும் ராத் கணக்கிலேயே இவற்றைப் பங்கு வாங்குவது போல வாங்கலாம். பிளாக்ராக், ஃபிடிலிட்டி ஆகியவற்றின் பிட்காயின் இடிஎஃப்களுக்கு ஆண்டுக் கட்டணம் 0.25 சதவீதம். அதே பிட்காயினை வைத்திருக்கும் கிரேஸ்கேலின் பழைய ட்ரஸ்ட், இடிஎஃப் ஆக மாறியபோது 1.5 சதவீதம் வாங்கியது. ஒரே பொருளுக்கு ஆறு மடங்கு கட்டணம். சாவி உன்னிடம் இல்லையென்றால் நாணயமும் உன்னுடையது அல்ல என்று கிரிப்டோ ஆர்வலர்கள் இடிஎஃப்களை மறுப்பதுண்டு. ஐஆர்ஏ கணக்கில் சாவி எப்படியும் உரிமையாளரிடம் இருக்கக்கூடாது என்பதால், அந்த மறுப்புக்கு இங்கே வலு இல்லை. இடிஎஃப்களைச் சந்தை நேரத்தில்தான் விற்க முடியும், நள்ளிரவில் முடியாது என்பதை, ஓய்வுக்காலப் பணத்தைப் பொறுத்தவரை நான் குறையாக எண்ணவில்லை.

நிறுவனங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் ஓய்வுக்காலத் திட்டமான 401(கே) கணக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2022 மார்ச்சில் தொழிலாளர் துறை, கிரிப்டோவைத் திட்டத்தில் சேர்க்கும் முன் மிகுந்த எச்சரிக்கை தேவை என்று முதலாளிகளுக்கு அறிவுறுத்தியது. 2025 மே மாதத்தில் அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், இத்தகைய மாற்று முதலீடுகளுக்கு வழி திறக்குமாறு நிர்வாக ஆணை பிறப்பித்தார். இருந்தும், பட்டியலில் எந்த நிதியங்கள் இருக்கும் என்பதை முடிவு செய்வது உங்கள் நிறுவனம்தான். திட்டத்துக்குள் தரகுக் கணக்கு வசதி இருந்தால் இடிஎஃப் வாங்க முடியலாம்.

பிட்காயினை ஒருபோதும் விற்பதில்லை, பிள்ளைகளுக்கே விட்டுச்செல்வேன் என்பவர்களுக்கு இந்தக் கணக்குகளே பொருத்தமல்ல என்பது என் கருத்து. சாதாரணக் கணக்கில் இருக்கும் சொத்தை வாரிசு பெறும்போது, அதன் வாங்கிய விலை இறந்த நாளின் விலையாக மாறிவிடுகிறது. அதுவரை சேர்ந்த ஆதாயத்துக்கு யாரும் வருமான வரி கட்டுவதில்லை. பாரம்பரிய ஐஆர்ஏ கணக்குக்கு இந்தச் சலுகை இல்லை. அதைப் பெறும் பிள்ளைகள் பொதுவாகப் பத்தாண்டுகளுக்குள் முழுவதையும் எடுத்து வரி கட்ட வேண்டும். ராத் கணக்கில் அந்த வரி இல்லை என்றாலும், பத்தாண்டு விதி பொருந்தும்; வரி இல்லாமல் வளர்வதற்கான இடம் அத்துடன் முடிகிறது.

மாறாக, விற்பதற்குத் தயங்காதவருக்கு ராத் கணக்கு உண்மையிலேயே உதவும். இவ்வளவு ஏறி இறங்கும் சொத்தை அளவோடு வைத்திருக்க வேண்டுமானால், ஏறும்போது கொஞ்சம் விற்று மற்றவற்றில் போட வேண்டும். சாதாரணக் கணக்கில் வரிக்குப் பயந்தே பலர் அதைச் செய்யாமல் விட்டு, சிறு பங்காகத் தொடங்கியது மொத்தச் சேமிப்பில் பாதியாகும் வரை காத்திருக்கிறார்கள். ராத் கணக்கில் அந்தச் சாக்கு கிடையாது. என் கணக்கில் பிட்காயின் இடிஎஃப் நூற்றுக்கு மூன்று பங்கு. ஐந்தைத் தாண்டினால் மூன்றுக்குக் குறைத்து, விற்ற பணத்தை மொத்தச் சந்தைக் குறியீட்டு நிதியத்தில் போடுகிறேன். விலை விழுந்தால் மூன்றாக்குவதற்காகக் கூடுதலாக வாங்குவதில்லை. ராத் கணக்கில் அந்த இடம் ஒருமுறை போனால் திரும்பாது என்பதால், சரிவில் வாங்கும் ஆசை வந்தால் அதைச் சாதாரணக் கணக்கில்தான் தீர்த்துக்கொள்கிறேன். அங்கே நட்டத்துக்காவது கணக்கு உண்டு.