டர்பன் லேபில் ஒரு சிலிண்டருக்காகப் பட்ட பாடு

வெப்ப இயக்கவியலும் பாய்மங்களின் நடத்தையும் ஆராயும் ஒரு குழுவில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். அட்மிஷன், விசா, பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை வாங்கியது ஒரு கரியமில வாயு சிலிண்டர்தான்.

எங்கள் வேலை இதுதான். இரண்டு பொருள்களை எஃகுக் கலத்தில் அடைத்து, வெப்பநிலையை அசையாமல் நிறுத்தி, திரவத்திலும் ஆவியிலும் எது எவ்வளவு இருக்கிறதென்று அளப்போம். வாயு இல்லாவிட்டால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது.

மூன்று கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தேன். சப்ளையரின் பி.இ.இ. சான்றிதழ் (கறுப்பின மக்களுக்குப் பொருளாதாரத்தில் இடமளிப்பதைக் காட்டும் சான்று) காலாவதியாகிவிட்டது என்று ஃபைல் திரும்பி வந்தது. புதியதை வாங்கிக் கொடுத்ததும், "வரிச் சான்று எங்கே?" என்றார் கொள்முதல் எழுத்தர். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. புதிதாகச் சேருபவர்கள் கொட்டேஷன் கேட்கும்போதே இந்த இரண்டு சான்றுகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவழியாகச் சிலிண்டர் வந்தது, ரெகுலேட்டர் பொருந்தவில்லை. லேபில் இருந்த ரெகுலேட்டரில் சிஜிஏ 320 என்ற அமெரிக்க அளவு மரை. வந்த வால்வில் பிரிட்டிஷ் மரை. அடாப்டருக்காகப் பக்கத்து ஊரான பைன்டவுன் வரை போனால் சனிக்கிழமை மதியமே கடையைச் சாத்திவிட்டார்கள். எங்கள் டெக்னீஷியன், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். தமிழ் பேச வராது, ஆனாலும் எல்லோருக்கும் அவர் அண்ணாதான். மரையின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, வால்வைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பி, சரியான அடாப்டரை அவர்தான் வரவழைத்தார். ஆர்டர் போடும் முன்பே இதைச் செய்தால் அலைச்சல் மிச்சம்.

இன்னொன்று, சிலிண்டரை வெயிலில் வைக்க விடாதீர்கள். 20 டிகிரியில் உள்ளே சுமார் 57 பார் அழுத்தம் இருக்கும். டர்பன் கோடையில் 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் திரவம், ஆவி என்ற வேறுபாடே போய்விடும். அதற்கு மேல் சூடு ஏற ஏற அழுத்தமும் எகிறும்.

அப்புறம், கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை. தூய கரியமில வாயு 0 டிகிரியில் 34.85 பார் காட்ட வேண்டும். கலத்தில் கொஞ்சம் காற்று தங்கினாலும் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும் என்பதால், இரவு முழுக்க வாக்யூம் பம்ப் ஓட வேண்டும். அது 2023, லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்த வருடம். பம்ப் பாதியில் நிற்கும், குளிர்தொட்டி சூடாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் எஸ்கம்-சே-புஷ் செயலியில் அட்டவணை பார்த்து, மின்வெட்டு இல்லாத இரவாகப் பிடித்தோம். தெர்மாஸ் ஃபிளாஸ்க்கில் ஐஸ் தூளும் காய்ச்சி வடித்த நீரும் நிரப்பி வெப்பநிலையை அளக்கும் பிடி100 சென்சாரை விட்டுப் பார்த்தோம். 0 டிகிரியில் காட்ட வேண்டிய 100 ஓம் மின்தடையைக் காட்டியது, அது சரி. விடிந்ததும் கலத்தில் வாயுவை ஏற்றி, நிலைக்கும்வரை காத்திருந்தோம். திரையில் 34.86 வந்து நின்றது. அண்ணா என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

அந்த வாரமே எத்தனால் கலவையைத் தொடங்கினோம். அடுத்த சிலிண்டருக்கான சான்றுகள் இப்போதே என் ஃபைலில் இருக்கின்றன.