வெளிச்சமான வீடு, இருட்டுப் படங்கள்

நங்கநல்லூரில் என் பெரியம்மாவுக்கு ஒரு வீடு இருந்தது. 1996இல் கட்டிய அடுக்ககம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் நான்கே வீடுகள், லிஃப்ட் கிடையாது, முதல் தளம், 840 சதுர அடி, பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது அடியில் உள்ள மண்ணில் இந்த வீட்டுக்குச் சேரும் பங்கு, 600 சதுர அடி. சென்னையில் பழைய அடுக்ககம் வாங்க வருகிறவர்கள் இந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். கட்டடத்துக்கு வயதாகும், மண்ணுக்கு ஆகாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் இது நல்ல வீடு. கிழக்குப் பார்த்த வாசல், நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம் ஆட்டோவில் சில நிமிடம், காய்கறிக் கடை தெருமுனையில். பெரியம்மா கோயம்புத்தூரில் மகளோடு தங்கிவிட்டதால் விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 68 லட்சம் விலை சொன்னோம். அக்கம்பக்கத்தில் விசாரித்த வரையில் அது அதிகமில்லை.

வைகாசியில் ஒரு தரகரிடம் சாவியைக் கொடுத்தேன். படம் எடுத்து இணையத்தில் போடுவதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடி போட்டும்விட்டார்.

அவருடைய உதவியாளர் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போயிருக்கிறார். ஜன்னல்களைத் திறக்கவில்லை. போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து, ஃபிளாஷ் போட்டுத் தட்டியிருக்கிறார். கூடத்தின் படத்தில் கூடம் இல்லை. ஒரு பீரோவும், அதன் கண்ணாடியில் ஃபிளாஷின் வெள்ளை வட்டமும், வட்டத்துக்குப் பின்னால் அவருடைய கட்டம்போட்ட சட்டையும் இருந்தன. சமையலறையில் மேடையைவிட சிலிண்டரின் ரப்பர் குழாய் தெளிவாக விழுந்திருந்தது. குளியலறையில் உப்புக்கறை ஏறிய வாளி. பால்கனியில் காலி செய்துபோன குடித்தனக்காரர் விட்டுச்சென்ற கொடிக்கயிறும் பழைய துடைப்பமும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகப்புப் படமாக மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மின்சார மீட்டர் பெட்டி. இணையதளத்தில் வரிசையாக விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு அந்த ஒரு படம்தான் நம் வீடு.

அழைப்புகள் வராமல் இல்லை. யார் அழைத்தார்கள் என்பதுதான் விஷயம். பாதிப் பேர் வேறு தரகர்கள். மீதியில் சிலர், நான்கு வீட்டுக்காரர்களும் சேர்ந்து இடித்துக் கட்டக் கொடுப்பீர்களா என்று கேட்ட கட்டுமானக்காரர்கள். குடியிருப்பதற்காக வீடு தேடும் குடும்பம் அழைப்பது அபூர்வமாக இருந்தது. அப்படி அழைத்த ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி, “தவறாக நினைக்காதீர்கள் சார், கூடத்துக்கு ஜன்னல் உண்டா?” என்று கேட்டார். அந்தக் கூடத்தில் இரண்டு ஜன்னல்கள். காலை பத்து மணிவரை வெயில் தரையில் விழும் வீடு அது.

இன்னொருவர் வீட்டைப் பார்க்காமலே 55 லட்சம் கேட்டார். எப்படி அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். கோபிக்காமல் விளக்கினார். சுவர் முழுக்கப் பட்டி பார்த்துப் பெயின்ட், சமையலறை மேடை மாற்றம், குளியலறை இடித்து டைல்ஸ், ஒயரிங். எல்லாவற்றையும் படத்திலிருந்தே கணக்குப் போட்டிருந்தார். உண்மையில் ஒயரிங் புதியது, மேடை கருங்கல், குளியலறைக்குத் தேவைப்பட்டது நல்ல கழுவல் மட்டும். அவர் மீது தவறு சொல்ல முடியாது. அந்தப் படங்களைப் பார்த்தால் நானும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பேன்.

மோசமான படம் வைத்தால் வீடு விற்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் கண்டது அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. எந்த வீடும் ஏதோ ஒரு விலைக்கு விற்றுவிடும். படம் செய்கிற வேலை, வாசலுக்கு யார் வருகிறார்கள், வரும்போது மனத்தில் எந்த எண்ணோடு வருகிறார்கள் என்று தீர்மானிப்பது. இருட்டுப் படம் குடும்பங்களை வடிகட்டிவிட்டு, பேரம் பேசுகிறவர்களை மட்டும் உள்ளே விட்டது. அவர்கள் நேரில் வந்து வெளிச்சத்தைப் பார்த்தாலும் 55இல் தொடங்கிய பேச்சு 58, 59 என்றுதான் ஏறுமே ஒழிய 68இலிருந்து இறங்காது.

தரகர் ஆடி மாதத்தைக் காரணம் சொன்னார். ஆடியில் யாரும் சொத்து வாங்க மாட்டார்கள் என்பது ஓரளவு நிஜம்தான். ஆவணி பிறந்து பத்து நாளாகியும் நிலைமை அதேதான் என்றபோது, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

செலவு செய்யப் பெரியம்மா இசையவில்லை. “விற்கிற வீட்டுக்கு எதற்குடா பெயின்ட்? வாங்குகிறவன் அவனுக்குப் பிடித்த நிறத்தில் அடித்துக்கொள்ள மாட்டானா?” என்றார். நியாயமான கேள்வி. அதனால் வீடு முழுக்க அடிக்காமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் மட்டும் வெள்ளையாக ஒரு பூச்சு. குளியலறைத் தரையின் உப்புக்கறைக்கு டைல்ஸ் ஆசிட். அந்தக் கறையை இந்த ஊர்க்காரர்கள் அழுக்காகப் பார்ப்பதில்லை, போர்வெல் தண்ணீரின் தரம் பற்றிய தகவலாகப் பார்க்கிறார்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிற வீட்டில் ஒரு வாளி அந்தச் செய்தியை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் அடித்திருந்த கொசுவலையைக் கழற்றினேன். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். பல வருடத் தூசி ஏறிய வலை எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது என்பது கழற்றினால்தான் தெரியும். மஞ்சளும் வெள்ளையுமாகக் கலந்து எரிந்த பல்புகளை ஒரே நிறத்துக்கு மாற்றினேன்.

பூஜை அலமாரியில்தான் வாக்குவாதம் வந்தது. வீட்டுக்காரரின் அடையாளங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறுமையாகக் காட்ட வேண்டும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலண்டர், குடும்பப் படம், ஃப்ரிட்ஜில் ஒட்டிய காந்தங்கள் எல்லாம் போனது சரி. சாமி அலமாரியையும் காலி செய்யலாம் என்றபோது பெரியம்மா போனிலேயே மறுத்துவிட்டார். “வெறும் அலமாரி என்றால் செருப்பு வைக்கிற இடமா, சாமி வைக்கிற இடமா என்று யாருக்குத் தெரியும்? ஒரு விளக்காவது வை.” வைத்தேன். பிறகு வந்த குடும்பங்களில் பலரும் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றார்கள். நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலைச் சுற்றிக் குடிவர நினைக்கிறவர்களுக்கு எதைக் காட்ட வேண்டும் என்பதைக் காணொளிக்காரர்களைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

திருமண ஆல்பம் எடுக்கும் தெரிந்த பையன் ஒருவன் முதலில் வந்தான். நல்ல கேமரா. ஆனால் திருத்தி அனுப்பியபோது சுவர்கள் இளநீலமாகவும், பால்கனிக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் பிளாஸ்டிக் பச்சையாகவும் இருந்தன. பணத்தைக் கொடுத்துவிட்டு, என் போனிலேயே எடுத்துக்கொண்டேன்.

நேரம்தான் முக்கியம். கூடமும் சமையலறையும் கிழக்கு வெளிச்சத்தில் இருப்பதால் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள். பெரிய படுக்கையறை தென்மேற்கு மூலை. காலையில் அது குகை, பிற்பகல் மூன்றரைக்கு மேல்தான் அதற்கு உயிர் வரும். ஒரே மூச்சில் எல்லா அறைகளையும் எடுக்க நினைத்தால் ஏதோ ஓர் அறை பலியாகும். எடுக்கும் முன் லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தேன்; பைக்குள் கிடக்கும் போனின் லென்ஸில் கைரேகை எண்ணெய் படிந்து, படம் முழுக்கப் புகை மூட்டியது போல வரும். போனைப் படுக்கை வசமாக, நெஞ்சு உயரத்தில், சாய்க்காமல் பிடித்தேன். சாய்த்தால் சுவர்கள் உள்பக்கம் விழும். அறையின் மூலையில் நின்று எதிர் மூலையைப் பார்த்தால் இரண்டு சுவரும் தரையும் வரும். நேர் எதிரே நின்றால் ஒரு சுவர்தான் வரும். ஜன்னல் வெள்ளையாக வெந்துபோகாமலிருக்கத் திரையில் ஜன்னல் மீது விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தேன். ஃபிளாஷைத் தொடவே இல்லை.

அகலக் கோண லென்ஸைக் குளியலறைக்கு மட்டும் பயன்படுத்தினேன், வேறு வழியில்லாததால். அதில் எடுத்தால் பத்துக்குப் பதினொன்று அறை கல்யாண மண்டபமாகிவிடும். அதை நம்பி வருகிறவர் வாசலில் கால் வைத்ததுமே முகம் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தின் விலையும் பேரத்தில்தான் கழியும்.

இரண்டாவது படுக்கையறைச் சுவரில், மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே, கையகல ஓதம் இருந்தது. மேல்வீட்டுக்காரர் டைல்ஸ் இடுக்குகளை அடைத்துச் சரிசெய்துவிட்டார், கசிவு நின்றுவிட்டது, கறை மட்டும் மிச்சம். பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்றார்கள். அடிக்காமல் அப்படியே படமெடுத்து, கசிவு சரிசெய்யப்பட்டதையும் எழுதிப் போட்டேன். நல்லவன் பெயர் வாங்க அல்ல. படம் இல்லாத அறையில் என்னவோ இருக்கிறது என்று வாங்குகிறவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்; அவர்களுடைய கற்பனையில் ஓதம் கையகலத்தோடு நிற்காது. அதேபோல 2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா என்பதையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே எழுதினேன். தெருவில் நின்றது, கட்டடத்துக்குள் வரவில்லை. சென்னையில் வீடு பார்க்கிற யாரும் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

எல்லாவற்றையும்விட உதவியது புகைப்படமே அல்ல. கட்டம்போட்ட தாளில் ஸ்கேல் வைத்து, அறைகளின் அளவு, கதவு, ஜன்னல், வடக்கு திசை ஆகியவற்றைக் குறித்து வரைந்த ஒரு வரைபடம். வாஸ்து பார்க்கிறவர் அதிலேயே சமையலறை அக்னி மூலையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டார். கட்டில் கொள்ளுமா என்று அளந்துகொண்டவர்களும் உண்டு. பத்திரங்களைப் படமெடுத்துப் போடுமாறு சிலர் யோசனை சொன்னார்கள். அதை மட்டும் செய்யவில்லை. பெயரும் விலாசமும் கையெழுத்தும் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. ஆவண எண்ணைக் கேட்டுக்கொண்டு வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

முகப்புப் படமாகக் காலை வெயில் விழும் கூடம். அடுத்து சமையலறை, பிறகு படுக்கையறைகள், வரைபடம், கடைசியில் கட்டடத்தின் முன்புறம். இந்த வரிசை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் கலைந்துவிடும் என்பதையும் கற்றுக்கொண்டேன். வீட்டை வாங்கப்போகிறவர் ஒருவர், பணம் போடுகிறவர் வேறொருவர், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இன்னொருவருக்கு. அவர்களுக்கிடையே படங்கள் கைமாறும்போது ஒவ்வொரு முறையும் மங்குகின்றன. ஆர்வமாகக் கேட்டவர்களுக்குப் படங்களை ஆவணக் கோப்பாக அனுப்பினேன். அப்படி அனுப்பினால் தரம் குறைவதில்லை.

எதிர்பாராத தலைவலி பழைய படங்களிடமிருந்து வந்தது. முதல் தரகரின் விளம்பரத்தை வேறு தரகர்கள் எடுத்துத் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள். ஒன்றில் 62 லட்சம், ஒன்றில் 66, இன்னொன்றில் 70. மீட்டர் பெட்டி எல்லாவற்றிலும் இருந்தது. நேரில் வந்து வீடு பிடித்துப்போன ஒருவர் போனைத் திருப்பிக் காட்டி, “இதே வீடுதானே சார்? இங்கே 62 என்று போட்டிருக்கிறதே” என்றார். பல மாதமாக இணையத்தில் கிடக்கும் வீட்டில் ஏதோ வில்லங்கம் என்கிற சந்தேகமும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொருவராக அழைத்து நீக்கச் சொன்னேன். சிலர் உடனே நீக்கினார்கள், சிலர் நீக்குவதாகச் சொன்னார்கள்.

வாங்கியவர்கள் பணி ஓய்வு பெற்ற தம்பதி. மகன் அயல்நாட்டில். படங்களை முதலில் பார்த்தவர் அந்த மகன்தான்; ஓதம் பற்றித்தான் முதல் கேள்வி, மேல்வீட்டில் யார் வேலை செய்தது என்று. பெற்றோர் வந்தார்கள், சமையலறையில் அந்த அம்மாள் குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார், கணவர் மாடிப்படிகளை எண்ணினார். லிஃப்ட் இல்லாததற்காகக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள். பேச்சு 68இல் தொடங்கி 65இல் நின்றது. புரட்டாசி வேண்டாம் என்று ஐப்பசியில் பதிவு வைத்தோம். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் அவர்கள் ஒரு சதவீதம் வரி பிடித்தம் செய்து கட்டிவிட்டு மீதியைக் கொடுத்தார்கள்.

பழைய விளம்பரங்களில் ஒன்று இன்னும் எங்கோ உயிரோடு இருக்கிறது. இதை எழுதும் வாரத்தில்கூட ஒருவர் அழைத்து, 62 லட்சம் என்றால் உடனே அட்வான்ஸ் தருவதாகச் சொன்னார். விற்றாகிவிட்டது என்றேன். சற்று யோசித்துவிட்டு, அந்தக் கட்டடத்தில் ஜன்னல் உள்ள வீடு வேறு ஏதாவது விற்பனைக்கு வருமா என்று கேட்டார்.