ஒரு பெயரும் மூன்று விதவைகளும்

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் ஊசிக் கோபுரம் போல உயர்ந்த ஒரு கல்லறை இருக்கிறது. ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிக்காக எழுப்பியது. நான்கு வயது நிறைவதற்குள் 1688 ஜனவரியில் இறந்துபோன டேவிட் என்ற சிறுவனையும் அங்கேயே புதைத்தார்கள். அவனுடைய தந்தை எலிஹு யேல், அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான் என்பது சென்னை வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பழைய செய்தி. எனக்கு அவருக்கு முந்தைய தலைமுறைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் எதற்காகக் கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியது? குடியேறியவர்கள் ஏன் திரும்பினார்கள்? அக்கா மகனுக்கு நியூ ஹேவனில் வேலை கிடைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நியூ ஹேவன். ஊரின் நடுவே ‘கிரீன்’ என்று ஒரு பெரிய புல்வெளி, 16 ஏக்கர். 1638-இல் வந்திறங்கியவர்கள் ஒன்பது சதுரங்களாக ஊரை அளந்து, நடுச் சதுரத்தைப் பொதுவுக்கு விட்டார்கள். அந்தக் கட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: இந்தப் புல்வெளி இன்றுவரை நகராட்சிக்குச் சொந்தமில்லை. பழைய நில உரிமையாளர்களின் வாரிசாக ஐந்து பேர் கொண்ட ஒரு குழு இதைப் பராமரிக்கிறது.

இந்தக் குடியேற்றத்தின் தலைவர் தியோஃபிலஸ் ஈட்டன். இங்கிலாந்தில் ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்டில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்து, லண்டனில் பால்டிக் கடல் வணிகத்தில் பெரும் பணம் சேர்த்தவர். இளம் வயது நண்பரான பாதிரியார் ஜான் டேவன்போர்ட்டுடன் ‘ஹெக்டர்’ என்ற கப்பலில் 1637-இல் பாஸ்டனுக்கு வந்தார். அங்கே இருப்புக் கொள்ளாமல் அடுத்த ஆண்டே தெற்கே இறங்கி நியூ ஹேவனை அமைத்தார். அந்த மண்ணில் வாழ்ந்த குவின்னிபியாக் மக்களோடு 1638 நவம்பரில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். நிலத்துக்கு ஈடாகக் கொடுத்த பொருள்களின் பட்டியல் கிடைக்கிறது: 12 கோட்டுகள், 12 கரண்டிகள், 12 கோடரிகள், 12 களைக்கொத்துகள், 24 கத்திகள், இன்னும் சில. நிலத்தின் சொந்தக்காரர்களுக்குத் துறைமுகத்தின் கிழக்கே ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கினார்கள். இதைப் படித்துவிட்டு அந்தப் புல்வெளியில் காலாற நடப்பது கொஞ்சம் சங்கடம்தான்.

அதன்பின் 1658-இல் சாகும்வரை ஒவ்வோர் ஆண்டும் ஈட்டனையே கவர்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். மோசேயின் சட்டத்தில் இல்லை என்று சொல்லி ஜூரி முறையே வைத்துக்கொள்ளாத குடியேற்றம் அது. நீதி, நிர்வாகம், திருச்சபை எல்லாம் ஒரே சில கைகளில்.

இனி யேல் எங்கே வருகிறார்? இங்கேதான் ஈட்டனின் இரண்டாம் மனைவி அன் வருகிறாள். செஸ்டர் பிஷப் ஜார்ஜ் லாய்டின் மகள். முதல் கணவர் தாமஸ் யேல் 1619-இல் இறந்தபின், மூன்று பிள்ளைகளுடன் ஈட்டனை மணந்தாள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் டேவிட் யேல். டேவிட்டின் மகன்தான் எலிஹு. ஆக, நியூ ஹேவனை நிறுவியவருக்கும் யேலுக்கும் சொட்டு ரத்த உறவு கிடையாது. ஒரு விதவையின் மறுமணம்தான் வேல்ஸின் யேல் குடும்பத்தை அமெரிக்காவில் கொண்டுவந்து இறக்கியது. வம்சாவளி எழுதுகிறவர்கள் ஆண் வழியைத் தடித்த கோடாக இழுத்துவிட்டுப் பெண்ணை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தை அப்படிப் படித்தால் ஒன்றுமே பிடிபடாது.

கிரீனில் மூன்று தேவாலயங்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் இருக்கும் சென்டர் சர்ச்சை 1812-14-இல் பழைய இடுகாட்டின் ஒரு பகுதியின் மேலேயே கட்டினார்கள். கல்லறைகளை அகற்றவில்லை, அவை கட்டடத்துக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கீழே இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். “அமெரிக்கா வந்தும் சுடுகாடுதானா, மாமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா மகன் கூட வந்தான்.

தலை இடிக்காமல் குனிந்து நடக்க வேண்டிய உயரம். தலைக்கு மேல் குழாய்கள் ஓடுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைக் கற்கள், அவற்றில் பழையது 1687-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கற்களின் தலைப்பில் சிறகு முளைத்த மண்டை ஓடுகள். பல்வரிசையைக்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. ஐம்பது, அறுபது ஆண்டுகள் பிந்திய கற்களில் அந்த மண்டை ஓட்டுக்குக் கன்னம் வந்து, பிறகு கண் வந்து, குழந்தை முகமாகவே மாறிவிடுகிறது. வழிகாட்டிய மூதாட்டி நான் எந்த ஊர் என்று விசாரித்தார். மெட்ராஸ் என்றேன். “ஓ, பணம் வந்த ஊரா!” என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே புல்லுக்கு அடியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கிடக்கிறார்கள். கற்களை மட்டும் 1821-இல் குரோவ் தெரு இடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; உடல்களை எடுக்கவில்லை. 2012-இல் சாண்டி புயலில் லிங்கன் ஓக் என்ற மரம் வேரோடு சாய்ந்தபோது, வேர்களுக்கிடையே எலும்புகள் சிக்கியிருந்தன.

அன் ஈட்டன் இந்த மண்ணில் புதைக்கப்படவில்லை. அவளை இந்த ஊர் வாழவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல என்று வாதிடும் ஒரு புத்தகத்தை லேடி டெபோரா மூடி என்ற பெண்மணியிடமிருந்து வாங்கிப் படித்தாள். அவள் மனம் மாறியது. தேவாலயத்தில் சடங்கின் நடுவே எழுந்து வெளியே போகத் தொடங்கினாள். கவர்னர் மனைவி அப்படிச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? திருச்சபை விசாரணை வைத்தது. விசாரணையில் ஞானஸ்நானத்தை ஓரங்கட்டிவிட்டு வீட்டுச் சண்டைகளைத் தோண்டினார்கள். மாமியாரை முகத்தில் அறைந்தாள், ஈட்டன்தான் கையைப் பிடித்துத் தடுத்தார். மூத்தாள் மகள் மேரியைக் கன்றிப்போகும்படி கிள்ளினாள். வேலைக்காரர்களை வைதாள் என்று நீண்ட குற்றப்பட்டியல். அந்தப் பதிவில் ஆண்டனி என்ற கறுப்பின வேலையாளின் பெயரும் வருகிறது. 1645-இல் அவளைச் சபையிலிருந்து விலக்கினார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தியை ஊர்விலக்கம் செய்யும்போது சண்டைக்காரி, மாமியாரை மதிக்காதவள் என்று அடுக்குவதைப் போலவே இருக்கிறது. மாமியாரை அடித்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பல ஆண்டுக் குடும்பச் சண்டை அந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான் சபைக்குக் கேட்டிருக்கிறது.

அவளுடைய மகள், அவளும் அன்தான், கனெக்டிகட் கவர்னர் எட்வர்ட் ஹாப்கின்ஸின் மனைவி. அதே 1645-இல், மாசசூசெட்ஸில் பலமுறை கவர்னராக இருந்த வின்த்ரோப் தன் நாட்குறிப்பில் இவளைப் பற்றி எழுதியிருக்கிறார்: எந்நேரமும் படிப்பதும் எழுதுவதுமாக இருந்ததால் புத்தி பேதலித்துவிட்டதாம், வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டு பெண்ணுக்குரிய இடத்தில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காதாம். அவள் எழுதிய புத்தகங்களில் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை.

டேவிட் யேலுக்கும் ஊர் ஒத்துவரவில்லை. பாஸ்டனுக்குப் போனார். திருச்சபை உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று டாக்டர் ராபர்ட் சைல்டு 1646-இல் கொடுத்த மனுவில் கையெழுத்திட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். 1652 வாக்கில் குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. 1658-இல் இரண்டாம் கணவரும் இறந்ததும் அன் ஈட்டனும் கப்பல் ஏறினாள். தாமஸ் என்ற இன்னொரு மகன் மட்டும் நியூ ஹேவன் பக்கமே தங்கிவிட்டார். அவர் வழியில் வந்தவர்தான் யேல் பூட்டைக் கண்டுபிடித்த லைனஸ் யேல்.

பாஸ்டனில் பெம்பர்ட்டன் சதுக்கத்துக்கு அருகே ஒரு பலகையைத் தேடிப் பிடித்தேன். அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. இந்த இடத்திலிருந்து 255 அடி வடக்கே, 1649 ஏப்ரல் 5 அன்று ‘மெட்ராஸ் கவர்னர்’ எலிஹு யேல் பிறந்தார் என்று அதில் இருக்கிறது. மூன்று வயது வாக்கில் போனவர் திரும்பி வரவே இல்லை.

1672-இல் அவர் வந்திறங்கிய இடம் சென்னை. கம்பெனியில் சாதாரண எழுத்தர். 1680-இல் ஹின்மர்ஸ் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று, புதிதாகத் திறந்த கோட்டை செயின்ட் மேரி தேவாலயத்தில், ஹின்மர்ஸின் விதவை கேத்தரினை யேல் மணந்தார். அந்தத் தேவாலயத்தின் முதல் திருமணம் அது. ஹின்மர்ஸ் விட்டுச்சென்ற சொத்துதான் யேலின் சொந்த வணிகத்துக்கு முதல். 1687-இல் கவர்னர் ஆனார். அந்த ஆண்டே வைர வியாபாரி ஜாக் டி பைவா இறக்க, அவருடைய விதவை ஹிரோனிமா யேலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கோட்டை முழுக்க அதே பேச்சு. 1689-இல் கேத்தரின் மகள்களுடன் இங்கிலாந்து போய்விட்டாள்.

யேலின் ஆட்சிக் கணக்கில் கடலூர் கோட்டையும் உண்டு. 1690-இல் வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை எல்லை என்பது பேரம். கடலூர்க்காரர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ கதை தெரியும். செயின்ட் ஹெலீனா தீவுக்கு அடிமைகளைக் கப்பலேற்றிய உத்தரவுகளும் அவர் தலைமை வகித்த கவுன்சிலின் கணக்கில்தான் வருகின்றன. நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் எலிஹு யேலின் ஓவியம் ஒன்று உண்டு. பட்டுக் கோட்டில் கனவான்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஓரத்தில் கழுத்தில் உலோகப் பட்டையுடன் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். 2020-இல் இதைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். ஆய்வுக்குப் பின் 2022-இல் மீண்டும் மாட்டினார்கள். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காகப் பல்கலைக்கழகம் 2024-இல் மன்னிப்புக் கேட்டது. 1718-இல், அப்போது கல்லூரியாக இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எலிஹு யேல் அனுப்பியவை 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம், கலிக்கோவும் மஸ்லினும் கலந்த ஒன்பது துணிப் பொதிகள். பொதிகளை விற்றதில் 562 பவுண்டு 12 ஷில்லிங் வந்தது. தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இது மலிவான விலை.

கடைசியாக வேல்ஸ். செஸ்டரிலிருந்து ரெக்ஸம் ரயிலில் கால் மணி நேரத் தூரம்தான். ஊர் முழுக்கக் கால்பந்துக் கொடிகள். ஹாலிவுட் நடிகர்கள் உள்ளூர் அணியை வாங்கியதிலிருந்து கல்லறை பார்க்க வருகிறவர்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தின் கோபுரத்துக்கு மேற்கே, இரும்புக் கம்பி வேலிக்குள், பெட்டி வடிவக் கல்லறை. யேல் 1721-இல் லண்டனில் இறந்து இங்கே வந்தார். யேல் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தக் கோபுரத்தைப் பார்த்தே ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டதால் அசலைப் பார்த்தபோது நகல் போலத் தோன்றியது.

கல்லில் செய்யுள். அமெரிக்காவில் பிறந்தார், ஐரோப்பாவில் வளர்ந்தார், ஆப்பிரிக்காவில் பயணம் செய்தார், ஆசியாவில் மணந்தார், லண்டனில் இறந்தார் என்று போகிறது. நிறைய நல்லதும் கொஞ்சம் கெட்டதும் செய்தார், இரண்டும் நேராகியிருக்கும் என்று நம்புவோம் என்கிறது அடுத்த அடி. வியாபாரிக்கு ஏற்ற வரவு செலவுக் கணக்கு. கேத்தரினுக்குக் கிடைத்தது ‘ஆசியாவில் மணந்தார்’ என்ற இரண்டு சொற்கள். ஹிரோனிமாவுக்கு அதுவும் இல்லை. பாட்டி அன்னின் சுவடு வேண்டுமானால், அவளை விலக்கிவைத்த திருச்சபையின் விசாரணைக் குறிப்புகளைத்தான் புரட்ட வேண்டும்.