மூன்று கிராம் எண்ணெய்

இன்று காலை சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பக்கத்து சீட்டில் ஒரு சீனப் பாட்டி. மடியில் கோடு போட்ட நோட்டு. பேரனைப் பார்த்துக்கொள்ள சீனாவிலிருந்து வந்தவராம். இங்கிலீஷ் படிக்கிறார்.

இடப்பக்கம் 'தேங்க்யூ'. வலப்பக்கம் மூன்று சீன எழுத்து: 'சான் க யோ'. உச்சரிப்புக்காக எழுதி வைத்தது. அர்த்தம் பார்த்தால், மூன்று கிராம் எண்ணெய்!

அவர்கள் ஊரில் இது பழைய ஜோக். அவரே காட்டிச் சிரித்தார்.

சீன எழுத்தில் ஒலியை மட்டும் தனியாக எடுக்க முடியாது, பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. (என்ன, 'எஃப்' வந்தால் ஆய்தத்தைக் கூப்பிட வேண்டும்.)

அடுத்த பக்கத்தில் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. அடைமழைக்கு இங்கிலீஷில் சொல்வது, நாயும் பூனையுமாகக் கொட்டும் மழை. பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.

"ஏன் நாய்?" என்றார்.

யாருக்குத் தெரியும்! "இப்போ யாரும் அப்படிப் பேசுறதில்ல, விட்டுடுங்க" என்றேன். பாடப்புத்தகங்கள்தான் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகின்றன.

ஆனால் இங்கிலீஷும் சும்மா இல்லை. உற்சாகப்படுத்தச் சீனர்கள் சொல்லும் 'எண்ணெய் ஊற்று', 'ஆட் ஆயில்' ஆகி 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. ஹாங்காங்காரர்கள் அதற்கு ரொம்ப முன்பே, யாரையும் கேட்காமல், சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.