சங்கூபாஷியில் நிற்காத ரயில்

ஜப்பான் பயணத்தில் எனக்குப் பெயர் கிடையாது, 11 என்ற எண்தான். திருச்சி விமான நிலைய வாசலிலேயே எங்கள் 16 பேருக்கும் சார் எண் கொடுத்துவிட்டார். "பேர் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியாது. நான் கை தூக்கினா ஒண்ணு, ரெண்டுன்னு நீங்களே சொல்லிக்கிட்டு வாங்க. எங்க நிக்குதோ அவன் காணோம்னு அர்த்தம்." இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறவர்களை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நடத்துகிறாரே என்று எங்களுக்குக் கடுப்பு. மறுநாள் இரவு ஒன்பது மணிக்குள் அந்தக் கடுப்பு எனக்குப் போய்விட்டது.

விசாவுக்கு நாங்கள் அலையவில்லை. எங்களை அழைத்த ஜப்பான் பல்கலைக்கழகம் அழைப்புக் கடிதமும் உத்தரவாதக் கடிதமும் அனுப்ப, கல்லூரி அலுவலகம் எல்லா பாஸ்போர்ட்டையும் ஒரே கட்டாகச் சென்னைக்கு அனுப்பிவிட்டது. எந்தத் தேதியில் எங்கே போகிறோம், எங்கே தங்குகிறோம் என்று நாள் வாரியாக ஒரு தாள் கேட்கிறார்கள். அதை மட்டும் நாங்களே உட்கார்ந்து தயாரித்தோம். கிளம்புவதற்கு முன் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் விவரங்களை நிரப்பினால் குடியேற்றத்துக்கும் சுங்கத்துக்கும் கியூஆர் கோடு வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் இணையம் கிடைக்காமல் வரிசையில் நின்றுகொண்டு போனை ஆட்டிப் பார்த்தவர்கள் எங்கள் குழுவிலேயே நான்கு பேர்.

மதியம் திருச்சியில் ஏறி, மாலையில் சிங்கப்பூர். அடுத்த விமானம் நள்ளிரவை ஒட்டி. சாங்கியில் ஐந்தாறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் சாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "யாராவது கறி அயிட்டம் கொண்டு வந்திருக்கீங்களா?" ஜப்பானுக்குள் இறைச்சி எந்த வடிவத்திலும் கொண்டுபோகக் கூடாது. வறுத்திருந்தாலும் காய்ந்திருந்தாலும் தடைதான். பச்சைக் கறிவேப்பிலைகூட ஆகாது. ஒரு மாதமாகக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னதுதான். ஆனால் எங்கள் ஏழாம் எண் மெதுவாகத் தன் கைப்பையைத் திறந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்தான். உள்ளே உப்புக்கண்டம். அவன் அம்மா வெயிலில் காயவைத்து, நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுத்தது. "பத்து நாளைக்கு வரும்னு குடுத்தாங்க சார்."

சார் கொஞ்ச நேரம் தூக்கையே பார்த்தார். அப்புறம், "தூக்கிப் போட மனசு வரல. இங்கயே முடிங்கடா," என்றார். பத்து நாளைக்கானது பத்து நிமிடத்தில் முடிந்தது. சைவக்காரர்கள் மூவரைத் தவிர எல்லாருடைய விரலிலும் எண்ணெய். உலகமே பார்த்து வியக்கும் அந்த விமான நிலையத்தைப் பற்றிக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மணம்தான்.

ஏழு மணி நேரப் பறத்தலுக்குப் பிறகு, காலை எட்டு மணி வாக்கில் நரிட்டா. நம் ஊர் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது ஜப்பான். உடம்புக்கு விடிகாலை நாலரை. குடியேற்றத்தில் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகை, ஒரு போட்டோ. அதிகாரி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் பாஸ்போர்ட்டில் சின்னச் சீட்டு ஒன்றை ஒட்டி இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு மாதமாக ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில்களெல்லாம் வீண்.

சிக்கல் பெட்டி வரும் இடத்தில் காத்திருந்தது. அங்கே ஒரு பீகிள் நாய், சீருடைக்காரப் பெண் ஒருவரோடு பயணிகளுக்கு நடுவே உலாவிக்கொண்டிருந்தது. உணவுப் பொருளை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய். குரைக்காது, பாயாது. சந்தேகம் வந்த பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். எங்கள் வரிசையில் ஒவ்வொரு பையாக முகர்ந்து வந்தது, ஏழாம் எண்ணின் கைப்பைக்குப் பக்கத்தில் வந்து அழகாக உட்கார்ந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் தலை குனிந்து வணங்கிவிட்டுப் பையைத் திறக்கச் சொன்னார். தூக்கைத் திறந்தால் காலி. அடியில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "மீட்?" என்றார். எங்களில் யாரோ, "ஃபினிஷ்டு, சிங்கப்பூர்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். நாய்க்கு ஏதோ தின்னக் கொடுத்தார். அது சரியாகத்தானே கண்டுபிடித்தது!

சார் விமான நிலையத்திலேயே எல்லாருக்கும் வெல்கம் சுய்கா அட்டை வாங்கிக் கொடுத்தார். 28 நாள் செல்லும், அட்டைக்கென்று டெபாசிட் கிடையாது, மிச்சப் பணம் திரும்ப வராது. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கடைக்கும் இதையே நீட்டலாம். நோட்டு மாற்றும்போது ஒன்று: திருச்சியில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் 10,000 யென் நோட்டு. 2024 ஜூலையில் வந்த புது நோட்டு, ஷிபுசாவா எய்இச்சி என்ற தொழிலதிபரின் படம் போட்டது. பார்க்க அழகு, ஆனால் பானம் விற்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்வதில்லை. ஆயிரமாகக் கேட்டு வாங்குங்கள்.

டோக்கியோ நகரத்துக்கு நரிட்டாவிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். வாடகைப் பஸ்ஸில் ஏறியதும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் ஜன்னலோரம். வழியெல்லாம் சின்னச் சின்ன வயல்கள், நடவு முடிந்து பயிர் நன்றாக வேர் பிடித்திருந்தது. எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஜூன் முதல் வாரம் அது. மேட்டூரில் 12ஆம் தேதி தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று அங்கே அப்பா கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இந்த வயல்களை அவர் பார்க்க வேண்டும் என்று நினைத்துப் போட்டோ எடுத்தால், எல்லாவற்றிலும் பஸ் கண்ணாடியில் தெரிந்த என் முகம்தான்.

தங்கியது யோயோகியில் இருக்கும் ஒலிம்பிக் நினைவு இளைஞர் மையத்தில். 1964 ஒலிம்பிக்கில் வீரர்கள் தங்கிய கிராமம் இருந்த இடம் அது. பெட்டியைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் ஒனிகிரி வாங்கினோம். கடற்பாசித் தாளில் சுற்றிய முக்கோணச் சோற்று உருண்டை. உறையில் 1, 2, 3 என்று போட்டிருக்கும், அந்த வரிசையில் பிரிக்க வேண்டும். நான் அவசரத்தில் 2இலிருந்து ஆரம்பித்தேன். சோறு கையில், கடற்பாசி பிளாஸ்டிக்கில். சைவக்காரர்களுக்கு உமெபோஷி வைத்தது கிடைத்தது, உப்பில் ஊறிய ஒரு புளிப்புப் பழம். "நார்த்தங்காய் மாதிரியே இருக்குடா, தயிர் மட்டும் இருந்தா போதும்," என்று மூன்று உருண்டை சாப்பிட்டான் ஒருவன். உறையைப் போடத் தெருவில் குப்பைத் தொட்டியே இல்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறை வரை சுமந்தோம்.

மாலையில் ஷின்ஜுகு. டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடிக்குக் கட்டணமில்லாமல் போகலாம், 202 மீட்டர் உயரம். ஃபூஜி மலை மேகத்துக்குப் பின்னால் இருந்தது. சரி, இருக்கட்டும்.

திரும்பும்போதுதான் எல்லாம் நடந்தது. ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாசல்கள். எங்களுக்கு ஒடாக்யூ ரயில் பிடித்து இரண்டாவது நிலையமான சங்கூபாஷியில் இறங்க வேண்டும். 'கோயிலுக்குப் போகும் பாலம்' என்று அர்த்தமாம், மெய்ஜி கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒடாக்யூவுக்கு ஷின்ஜுகுவில் மேலே கீழே என்று இரண்டு அடுக்கு. விரைவு ரயில்கள் மேலே, எல்லா நிலையத்திலும் நிற்பவை சுரங்கத் தளத்தில். "கீழே, கீழே" என்று சார் மூன்று முறை சொன்னார். நான் அப்போது ஒரு பான இயந்திரத்தின் முன்னால் நின்று, ஓட்டை போட்ட நாணயம் ஐந்தா ஐம்பதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். (இரண்டிலும் ஓட்டை உண்டு. மஞ்சள் நிறம் ஐந்து, வெள்ளை ஐம்பது.) கூட 12ஆம் எண்ணும் 16ஆம் எண்ணும். தலையை நிமிர்த்தினால் நம் ஆட்கள் ஒருவரும் இல்லை.

ஒடாக்யூ என்ற பலகை கண்ணில் பட்டது. ஓடினோம். அட்டையைத் தட்டி உள்ளே போய், நின்றுகொண்டிருந்த ரயிலில் ஏறினோம், கதவு மூடியது. அது மேல் தளம் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. ரயில் ஒரு நிலையத்தை நிற்காமல் தாண்டியது. அடுத்ததில் சங்கூபாஷி என்ற பலகை ஜன்னலில் வந்தது, நீண்டது, போய்விட்டது. "டேய், நிக்கலடா!" என்று 16 கத்திவிட்டான். அவ்வளவு கூட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லாத பெட்டி அது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

யோயோகி உஎஹாரா என்ற நிலையத்தில் நின்றது. எங்கள் மூவர் போனிலும் இணையம் கிடையாது. ஆனால் கழுத்தில் தொங்கிய அட்டையின் பின்பக்கம், தங்குமிடத்தின் முகவரியை ஜப்பானிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். குழுவாகப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வெளிவாயில் அருகே நின்ற ஊழியரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு எங்களை வெளியே விடாமல் எதிர் நடைமேடையைக் காட்டினார். "லோக்கல். எக்ஸ்பிரஸ், நோ," என்று கையால் பெருக்கல் குறி போட்டார். பிறகு இரண்டு விரல். இரண்டாவது நிலையம்.

சங்கூபாஷியில் வாயிலுக்கு அந்தப் பக்கம் சார் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களைக் கூட வந்த மேடத்தோடு அனுப்பிவிட்டு நாற்பது நிமிடமாக நின்றிருக்கிறார். அட்டையைத் தட்டியபோது, மற்றவர்களுக்குப் பிடித்த அதே கட்டணம்தான் எங்களுக்கும் பிடித்தது. ஷின்ஜுகுவில் உள்ளே, சங்கூபாஷியில் வெளியே, இயந்திரத்துக்கு அவ்வளவுதான் கணக்கு. நடுவில் எங்கே போய்வந்தோம் என்று அதற்குத் தெரியாது. 12 அதைச் சாரிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்," என்றார் சார். பிறகு கையைத் தூக்கினார்.

"பதினொண்ணு," என்றேன்.