டீச்சர் அனுப்புன ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ்

மலேசியா பினாங்குல தமிழ்ப்பள்ளில என் மகன் ரெண்டாம் ஆண்டு. ஒன்னுலேர்ந்து மூனாம் ஆண்டு வரைக்கும் பரீட்சைய 2019லயே நிறுத்திட்டாங்க, 2021ல ஆறாம் ஆண்டு முடிவுல எழுதுற யூபிஎஸ்ஆர் பரீட்சையும் போச்சு, இப்ப இவன் ஆண்டுல வகுப்பறை மதிப்பீடுதான், 1லேர்ந்து 6 வரைக்கும் டிபி, அதாவது எவ்ளோ கத்துக்கிட்டான்ங்கற நிலை, போடுவாங்க, 6தான் உச்சம்.

கணிதத்துல டிபி 3னு பாத்ததும் நான் பயந்துபோயி அவன திட்டிட்டேன், பாவம் புள்ள. மறுநாள் டீச்சர் வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாங்க, "ம்மா, கூட்டல் நல்லா செய்றான், கடன் வாங்கிக் கழிக்கறப்பதான் தடுமாறுறான், ஐஸ்கிரீம் குச்சிய பத்து பத்தா ரப்பர் போட்டு கட்டி, ஒரு கட்ட பிரிச்சுக் காட்டுங்க"ன்னு. அன்னைக்கு ராத்திரியே தரையில உக்காந்து 42லேர்ந்து 17 எடுத்தோம், நாலு கட்டுல ஒன்ன அவனே பிரிச்சான், "ஓ, இதானாம்மா!"ன்னான்.

எனக்கு இதுதான் வேணும். வாட்சாப் குரூப்ல ஒரு நாளைக்கு எம்பது மெசேஜ் வருது, பாதி குட்மார்னிங் படம், அதுல முக்கியமான அறிவிப்பு எங்க இருக்குன்னே தெரியல. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற அம்மாங்க பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வரலன்னா அக்கறை இல்லாதவங்கன்னு சொல்லாதீங்க, அவங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்க டீச்சர்.